ராஜருக்கு அம்மா கொடுத்த அர்ஜி

1

“அங்க ராஜரு இருக்காராமே, உம் பொண்ணு பாத்திருக்காளா?”

நான் இங்கிலாந்துக்கு வந்த இந்தப் பதினாறு வருடங்களில், மைசூர் மண்டி மொஹல்லாவில் என் அம்மாவை யார் வழிமறித்தாலும் இதைத்தான் கேட்கிறார்களாம். ராணி இருந்தவரை ராணியைக் கேட்டார்கள், இப்போது ராஜாவை. வேறு ஊர்க்காரர்கள் வெளிநாட்டுப் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தால் சம்பளம் என்ன, வீடு வாங்கியாயிற்றா என்பார்கள். மைசூர்க்காரர்கள் ராஜாவை விசாரிப்பார்கள். அரண்மனையைச் சுற்றிப் பஸ் பிடித்தே வளர்ந்த ஜனம் நாம். ராஜா இருக்கிற நாட்டில் இத்தனை காலம் குப்பை கொட்டிவிட்டு ராஜாவைப் பார்க்கவில்லை என்றால், திருப்பதிக்குப் போய் மொட்டை மட்டும் போட்டுக்கொண்டு திரும்பியவளைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள்.

குப்பை கொட்டுவது என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. இங்கிலாந்தின் வடக்கே, கடலோரச் சிற்றூர் ஒன்றின் நகராட்சியில், குப்பைத்தொட்டிப் பிரிவில்தான் எனக்கு வேலை. பச்சைத் தொட்டியை எடுக்கவில்லை, நீலத் தொட்டியில் பக்கத்து வீட்டுக்காரர் முட்டை ஓடு போட்டுவிட்டார் என்று மக்கள் எழுதுவார்கள். ‘தங்கள் கருத்துக்கு மிக்க நன்றி’ என்று தொடங்கும் பதிலை நான் அனுப்புவேன். ஒரே பதில்தான். பெயரை மட்டும் மாற்றினால் போதும்.

ராஜாவை நான் தபால்தலையில் பார்த்திருக்கிறேன். போன வருடம் இந்த நாட்டுப் பிரஜையாகச் சத்தியப் பிரமாணம் எடுத்தபோது சுவரில் மாட்டியிருந்த படத்திலும் பார்த்தேன். அவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று முப்பது பேர் கோரஸாகச் சொன்னோம். என் பக்கத்தில் நின்ற நைஜீரியக்காரர், எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு தேநீரும், தலைக்கு இரண்டு பிஸ்கட்டும் கொடுத்தார்கள். பிறந்த நாட்டுப் பாஸ்போர்ட்டைத் துறந்ததற்கு இரண்டு பிஸ்கட். ஒன்று நமுத்திருந்தது.

2

ஆனால் நேரில் பார்க்காவிட்டாலும், இந்த ராஜா எனக்குச் செய்திருக்கிற உதவி கொஞ்சநஞ்சமல்ல. அதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஊரில் ஒரு கல்யாணம் என்றால், “ராஜாவோட சட்டம்மா, இப்ப நாட்டை விட்டு வெளிய போகக் கூடாது” என்பேன். தசராவுக்கு வா என்றால், “விசா புதுப்பிக்கக் கொடுத்திருக்கேன், உத்தரவு வரல” என்பேன். அம்மாவுக்கு விசா வேறு, லீவு வேறு, பாஸ்போர்ட் வேறு என்ற கணக்கெல்லாம் கிடையாது. எல்லாம் ராஜர் கையில் இருக்கிற ஒரே உத்தரவு. அவள் அப்பா வெற்றிலை வியாபாரி. கொள்ளேகாலம் பக்கமிருந்து கூடையோடு மைசூர் வந்தவர். மகாராஜாவுக்கு அர்ஜி, அதாவது மனு, எழுதிக் கொடுத்து, சந்தை ஓரத்தில் உட்கார்ந்து விற்க ஓர் இடத்துக்கு உத்தரவு வாங்கினாராம். அந்தக் காகிதத்தை எங்கள் வீட்டில் யாரும் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் ராஜா என்றால் அர்ஜி வாங்குகிறவர், நியாயமாக எழுதினால் மறுக்கமாட்டார் என்பது அம்மாவின் ரத்தத்தில் ஊறிவிட்டது. என் சாக்குகளுக்கு இதைவிட நல்ல நிலம் கிடைக்குமா?

மூன்று வருடத்துக்கு முன் அப்பா இறந்துபோனார். மில்லிலிருந்து ஓய்வுபெற்ற மனிதர். காலையில் பால் வாங்கப் போனார், திரும்பி வரவில்லை. தொலைபேசியில் அம்மா அழவில்லை. “எப்ப வர?” என்று மட்டும் கேட்டாள்.

“பாஸ்போர்ட் சர்க்கார்கிட்ட மாட்டிட்டிருக்கும்மா. ராஜா கையெழுத்து போட்டாத்தான் குடுப்பாங்க” என்றேன்.

பாஸ்போர்ட் என் அலமாரியில், உள்பாவாடைகளுக்கு அடியில் இருந்தது. அந்த வாரம் வியாழக்கிழமை பதவி உயர்வுக்கு நேர்காணல். நான் போய்ச் சேர்வதற்குள் எப்படியும் எடுத்துவிடுவார்கள், முகத்தைப் பார்க்க முடியாது, பதின்மூன்றாம் நாளுக்குப் போய்க்கொள்ளலாம் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். கொள்ளேகாலத்துச் சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். பதின்மூன்றாம் நாளுக்கும் நான் போகவில்லை. ஒரு பொய்யைச் சொன்ன பிறகு அது எத்தனை நாள் தாங்குமோ அத்தனை நாள் இழுக்கத்தானே வேண்டும். பதவி உயர்வு வேறொருவனுக்குப் போயிற்று.

அதற்குப் பிறகு ஊருக்கே போகவில்லை. அம்மா முகத்தைப் பார்த்துப் பேசப் பயம். என் கணவர் முரளிதான் ஓயாமல் சொல்லி, இந்தக் கோடையில் விசா எடுத்து ஆறு வாரத்துக்கு அவளை இங்கே வரவழைத்தார்.

3

வந்த நான்காம் நாளே ஆரம்பித்துவிட்டாள்.

“ராஜரு அரமனே எவ்ளோ தூரம்?”

லண்டன் ஐந்து மணி நேரம். அங்கே கூட்டிப்போய்க் கம்பிக்கு வெளியே நின்று காவல்காரனின் தொப்பியைப் பார்க்க எனக்குப் பொறுமையில்லை. நாற்பது நிமிடத்தில் கடலோரமாகப் பழைய கோட்டை ஒன்று இருக்கிறது. இன்றைக்கும் ராஜ குடும்பத்தின் பெயரில்தான் இருக்கிறதாம். பெயரை எழுதவில்லை. பிரஜையாகி ஒரு வருடம்தான் ஆகிறது, எதற்கு வம்பு.

“இங்க பக்கத்துலயே ஒரு அரமனே இருக்கும்மா. ராஜாவோடதுதான்” என்று சொல்லிவிட்டேன். இந்த ஒரு வாக்கியத்துக்கு நான் பிறகு கொடுத்த விலையை இனிமேல்தான் சொல்லப்போகிறேன்.

சனிக்கிழமை, முரளி இல்லாமல், புறப்பட்டோம். அம்மா பட்டுப்புடவை, அதன்மேல் முரளியின் மழைக்கோட்டு. பின்னிருக்கையில் என் மகள் மேகா, வயது பதினொன்று. ஆறு பெண்டாட்டி கட்டிய இங்கிலாந்து ராஜாவின் மனைவிமார் பெயர்களை எவளுக்குத் தலை போயிற்று, எவளுக்குத் தாலி போயிற்று என்பதோடு வரிசையாக ஒப்பிப்பாள். அவளுடைய தாத்தா பெயரைக் கேட்டால் என்னைத் திரும்பிப் பார்ப்பாள். அம்மா அவளிடம் தமிழும் கன்னடமும் கலந்து பேசினால், “அஜ்ஜி என்ன சொல்றாங்க?” என்று என்னை ஆங்கிலத்தில் கேட்பாள்.

கோட்டையின் லட்சணத்தைச் சொல்லவேண்டும். கடலுக்கு மேலே ஒரு பாறை. பாறைமேல் ஒரு கோபுரமும் மூன்றரைச் சுவரும். கூரை கிடையாது. நானூறு வருடத்துக்கு முன்பே விழுந்துவிட்டதாம், இன்னும் எடுத்துக் கட்டவில்லை. என்றைக்கோ ஒரு ராஜா இங்கே இரண்டு இரவு தங்கியிருக்கிறார். கடற்காற்று ஒத்துக்கொள்ளாமல் மூன்றாம் நாள் மூட்டை கட்டிவிட்டார். அந்த இரண்டு இரவை வைத்துத்தான் இன்றுவரை பிழைப்பு நடக்கிறது. கோட்டையைவிட நினைவுப்பொருள் கடை பெரிது. ராஜா முகம் போட்ட தேநீர்க் கோப்பை, ராஜா முகம் போட்ட பாத்திரம் துடைக்கிற துணி. மைசூரில் ராஜா படத்தால் அடுப்படியைத் துடைத்தால் தெருவே திரண்டுவிடும்.

வாசலில் அம்மா செருப்பைக் கழற்றினாள். மைசூர் அரண்மனைக்குள் யாரும் செருப்போடு நுழைவதில்லை. வெளியே விட்டு டோக்கன் வாங்கிக்கொண்டுதான் போகவேண்டும். ஆகவே அம்மா காலணிகளைக் கையில் எடுத்துக்கொண்டு டோக்கன் கொடுக்கிற ஆளைத் தேடினாள். நீலக் கோட்டு போட்ட வயதான பெண்மணி ஒருவர் பதறி ஓடிவந்தார். சம்பளமில்லாமல் சேவை செய்கிறவர். கல்தரை ஈரம், வழுக்கும், காலணி கட்டாயம் என்றார்.

“போடச் சொல்றாங்கம்மா.”

“ராஜரு வீட்டுக்குள்ள செருப்போடயா? மரியாதை கெட்ட ஜனமா இருக்கே. நீ சும்னே வா.”

கடைசியில் நீலக்கோட்டு அம்மையார் ஒரு படிவம் கொண்டுவந்தார். காலணி இல்லாமல் நடப்பதால் வரும் ஆபத்துகளைத் தெரிந்துகொண்டே நடக்கிறோம் என்று கையெழுத்து வேண்டுமாம். போட்டேன். அம்மா காலுறையோடு உள்ளே போனாள். மேகா எங்களை யாரென்றே தெரியாதவள்போல் இருபது அடி தள்ளி நடந்தாள்.

“எங்கடி மச்சு?” என்றாள் அம்மா அண்ணாந்து பார்த்து.

“விழுந்துடுச்சு.”

“பல்பு?”

அரண்மனை என்றால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சுவர் பூராவும் விளக்கு எரியவேண்டும் அவளுக்கு. இங்கே மொத்தம் ஒரே ஒரு குழல் விளக்கு, அதுவும் கழிப்பறை வாசலில்.

“அய்யோ பாவம். ராஜருக்கு ஓடு மாத்தக்கூட ஆள் இல்லியா?” என்று உண்மையிலேயே வருத்தப்பட்டாள்.

இருப்பதிலேயே கூட்டம் அதிகமாக இருந்த இடம், சுவரில் இருந்த ஒரு ஓட்டை. என்னவென்று எட்டிப் பார்த்தால், பழைய காலத்து ராஜா வெளிக்குப் போன இடம். உட்கார்ந்தால் நேரே கடலுக்குப் போய்விடும். அதற்கு ஒரு பித்தளைப் பலகை, விளக்கப் படம், படம் பிடித்துக்கொள்ள வரிசை. அம்மா வரிசையில் நின்று பார்த்துவிட்டு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“இதுக்காடி டிக்கெட்டு?”

எனக்கு அன்று முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. அம்மாவும் சிரித்தாள். அப்பா போனபிறகு நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. அதோடு வண்டியேறி வீட்டுக்குத் திரும்பியிருந்தால் இதை எழுதவேண்டிய அவசியமே வந்திருக்காது.

4

வெளியே வரும் வழியில் நீலக்கோட்டு அம்மையார் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். அம்மா நேரே அவரிடம் போனாள். கைப்பையைத் திறந்தாள். இரண்டு வெற்றிலை, ஒரு கொட்டைப்பாக்கு, ஒரு எலுமிச்சம்பழம். வெற்றிலைக்காக எங்கள் ஊர் இலங்கைக்காரர் கடையில் முந்தினநாள் அடம்பிடித்தது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. அவற்றுக்கு அடியில், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய கோடு போட்ட தாள், நான்காக மடித்தது.

“இது ஏனம்மா?” என்று, இது என்ன என்பதை, என்னை அறியாமல் கன்னடத்தில் கேட்டுவிட்டேன்.

“அர்ஜி. ராஜர் வீட்டுக்கு வெறுங்கையோட வரலாமா? குடுத்து, ராஜர்கிட்ட சேத்துடச் சொல்லு.”

நீலக்கோட்டு அம்மையார் எலுமிச்சம்பழத்தைத் தேநீருக்கென்று நினைத்து மகிழ்ந்துபோனார். தாளைப் பிரித்துப் பார்த்தார். கன்னடம். அம்மா பள்ளியில் படித்தது கன்னடம். அர்ஜி என்றால் அந்த மொழியில்தான் எழுதவரும்.

“எவ்வளவு அழகான எழுத்து! உங்கள் தாயார் என்ன எழுதியிருக்கிறார்?” என்று தாளை என்னிடம் நீட்டினார்.

விசா நீட்டிப்புக் கேட்டிருப்பாள், என்னோடு நிரந்தரமாக இருக்க அனுமதி கேட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டே வாங்கினேன். அதற்கு வழியில்லை என்று எப்படிச் சொல்வது என்றுகூட மனத்துக்குள் வாக்கியம் அமைத்துக்கொண்டேன். தாளில் இருந்தது இது:

‘மகாசன்னிதானத்துக்கு, மைசூர் மண்டி மொஹல்லா காலஞ்சென்ற ரங்கசாமியின் சம்சாரம் செல்லம்மா வணங்கி எழுதிக்கொண்டது. என் மகள் சுதா தங்கள் ராஜ்ஜியத்தில் பதினாறு வருஷமாக உழைக்கிறாள். குப்பை சம்பந்தப்பட்ட வேலை. ஆனாலும் ஒழுங்காகச் செய்கிறாள். அவள் அப்பா போனபோது தங்கள் சர்க்கார் அவளை அனுப்பவில்லை. சட்டம் அப்படி என்று சொன்னாள். எனக்கு அதில் கோபம் இல்லை. எனக்கு எழுபத்திரண்டு வயதாகிறது. என் முறை வரும்போது அவளுக்கு மூன்று நாள் உத்தரவு கொடுக்கவேண்டும். மூன்று நாள் முடிந்ததும் கட்டாயம் திரும்பிவிடுவாள். அதற்கு நான் ஜவாப்தாரி.’

கீழே கையெழுத்து. பக்கத்தில், எதற்கும் இருக்கட்டும் என்று, கட்டைவிரல் ரேகை.

தான் செத்தபிறகு நான் ஒழுங்காகத் திரும்பிவிடுவேன் என்பதற்குத் தானே ஜாமீன் நிற்கிறாள்.

“என்ன எழுதியிருக்கிறார்?” நீலக்கோட்டு அம்மையார் புன்னகையோடு காத்திருந்தார். எங்களுக்குப் பின்னால் வரிசை சேர்ந்திருந்தது. மேகா பக்கத்தில் வந்து தாளை எட்டிப் பார்த்தாள். அவளால் அதில் ஓர் எழுத்தைக்கூடப் படிக்கமுடியாது. வாழ்க்கையில் முதல்முறையாக அதற்காக நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

“கோட்டை ரொம்ப அழகாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். ஊழியர்கள் எல்லாரும் அன்பாக நடந்துகொண்டார்கள் என்கிறார்” என்றேன் ஆங்கிலத்தில்.

நீலக்கோட்டு அம்மையாருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் சொன்னதை அம்மாவின் கைரேகைக்குக் கீழே குண்டு குண்டாக எழுதினார். எங்கள் முகவரியையும் கேட்டு எழுதிக்கொண்டார். தாளை மேசைமேல் இருந்த பார்வையாளர் கருத்துப்பெட்டியில் போட்டார். அம்மா பெட்டியைப் பார்த்துக் கைகூப்பினாள்.

வண்டிக்கு நடக்கும்போது கேட்டாள். “எல்லாம் சொன்னியா?”

“சொன்னேன்.”

“மூணு நாளுன்னு?”

“சொன்னேம்மா.”

“அந்தம்மா கண்ணு தொடச்சாங்களே. நல்ல மனசு. ஆய்த்து, நடந்துடும்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு எந்த வார்த்தையும் அதற்குச் சரியாக வராது. மூன்று வருடமாக ராஜாவின் தலையில் ஏற்றிவைத்த பாவத்தை, அவர் வீட்டு வாசலிலேயே வைத்து இன்னொரு பொய்யால் மூடிவிட்டு வந்தேன். அம்மா நிஜமாகவே நம்பித்தான் அதை எழுதினாளா, இல்லை அலமாரியில் பாஸ்போர்ட் இருந்த விஷயம் எப்படியோ தெரிந்து என்னைக் குத்துவதற்கென்றே எழுதினாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் தைரியமில்லை. ஊருக்குப் போகும்வரை அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. விமான நிலையத்தில் மட்டும், “பதில் வந்தா உடனே ஃபோன் பண்ணு” என்றாள்.

5

பதில் இந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. அழகான கெட்டித்தாள், தலையில் கிரீடம். ‘தங்கள் கருத்துக்கு மிக்க நன்றி’ என்று தொடங்கியது. எனக்குத் தெரியாததா? கோட்டையை ரசித்ததில் மகிழ்ச்சி, மீண்டும் வருகை தரவும். கீழே அச்சடித்த கையெழுத்து. கோட்டையின் ஓவியம் போட்ட புத்தகக்குறி ஒன்று இலவசம்.

இரண்டு நாள் அதை ஃப்ரிட்ஜ்மேல் வைத்திருந்தேன். முரளி படித்துவிட்டு, “அத்தைக்கு என்ன சொல்லப்போற?” என்றார். அவருக்கு அர்ஜியில் இருந்தது தெரியும். அன்றைக்கே சொல்லிவிட்டேன். “உண்மையைச் சொல்லிடேன்” என்றார். ஆண்களுக்கு எல்லாமே சுலபம்.

வியாழக்கிழமை பகலில் அம்மாவைக் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம். தெருவில் ஆட்டோ சத்தத்துக்கு மேலே அவள் குரல் வந்தது.

“வந்துதா?”

“வந்துடுச்சும்மா.”

“என்ன எழுதிருக்காங்க?”

பாஸ்போர்ட் அலமாரியில் இருந்தது அம்மா. நான்தான் வரவில்லை. சொல்லவேண்டியது அவ்வளவுதான். நாக்குவரை வந்தது.

“ஒத்துக்கிட்டாங்கம்மா” என்றேன்.

மறுமுனையில் யாரோ தக்காளி விலை கேட்பதும், ஒரு ஸ்கூட்டர் ஹார்னும் கேட்டது. பிறகு அம்மா கொஞ்சம் மெதுவாகக் கேட்டாள்.

“அந்த மூணு நாளை நான் செத்தப்புறந்தான் எடுக்கணும்னு போட்டிருக்கா? இல்ல, இருக்கறப்பவே வரலாமா? நல்லா படிச்சுப் பாத்துச் சொல்லுடி.”

நான் கையிலிருந்த கடிதத்தை உண்மையிலேயே இன்னொரு முறை படித்தேன்.

“இருக்கறப்பவே வரலாம்மா” என்றேன்.

வைத்துவிட்டு அலுவலகக் கணினியில் லீவு விண்ணப்பத்தைத் திறந்தேன். மூன்று வாரம் கேட்டேன். காரணம் எழுதக் கட்டம்கூட அதில் இல்லை. காப்பி ஆறுவதற்குள் அனுமதி வந்துவிட்டது, நல்லபடியாகப் போய்வா என்ற வாழ்த்தோடு. இந்தப் பதினாறு வருடங்களில் நான் கேட்ட எந்த லீவையும் அவர்கள் மறுத்ததே இல்லை.